தரையை மட்டம் பிடிக்க என்ன விலை?

சுவரில் விரிசல் கண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. முதலில் வந்தவர், "பூசிவிட்டால் போதும்" என்பார். இரண்டாமவர், "அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கணும்" என்பார். மூன்றாமவர் சொல்லும் தொகையைக் கேட்டால், இந்தப் பணத்துக்குப் பாதி வீடு கட்டிவிடலாமே என்று தோன்றும். மூவரும் பார்த்தது ஒரே வீடு, ஒரே விரிசல். விலை மட்டும் ஏன் எட்டு மடங்கு வேறுபடுகிறது?

யாரோ ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுவது எளிது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மூவருமே நேர்மையானவர்களாக இருந்தாலும் மூன்று விலைதான் வரும். மூவரும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்கு மருந்து சொல்கிறார்கள். எந்தக் காரணத்துக்கு எந்த மருந்து என்று தெரியாதவரை, விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதை அலசுவதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. அங்கே அஸ்திவாரம் சீர் செய்வது ஒரு தனித் தொழில். டாலஸ் நகரில் பழைய தெரு ஒன்றில் நடந்தால், எங்காவது ஒரு வீட்டின் அடியிலிருந்து மனிதர்கள் மண் படிந்த உடையோடு ஊர்ந்து வெளியே வருவதைப் பார்க்கலாம். இந்த அத்தியாயம் அவர்கள் அடியில் போய் என்ன செய்கிறார்கள், அதற்கு ஏன் அவ்வளவு பணம் என்பதைப் பற்றியது.

தரைக்கும் மண்ணுக்கும் நடுவே

நம் ஊர் வீடுகளில் தரை மண்மேல் கிடக்கிறது. அஸ்திவாரத்துக்குள் மண்ணை நிரப்பி, திம்மிசு போட்டு இடித்து, மேலே கான்கிரீட் பரப்பி, ஓடு பதிக்கிறோம். டெக்சாஸின் பழைய மரவீடுகள் அப்படியில்லை. அவற்றில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு அடிக்கு வெற்றிடம் இருக்கும்.

கட்டுமானம் எளிமையானது. மண்ணில் வரிசை வரிசையாகக் குட்டையான தூண்களை நடுகிறார்கள். அவற்றைக் குறுந்தூண் என்று அழைப்போம். ஒரு வரிசைக் குறுந்தூண்களின் தலைமேல் கனமான மர உத்தரம் ஒன்று படுத்திருக்கும். உத்தரங்களுக்குக் குறுக்கே, ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக மெல்லிய சட்டங்கள் ஓடும். சட்டங்களின்மேல் பலகை அடித்தால் அதுதான் வீட்டின் தரை. அடியில் உள்ள வெற்றிடத்துக்குத் தவழ்வெளி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது.

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இந்த இடைவெளி பெரிய வசதி. தரையின் அடியில் காற்று ஓடியது. மழைத் தண்ணீர் தேங்கினாலும் வீட்டுக்குள் ஏறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஒரே வீச்சில் கான்கிரீட் ஊற்றும் ஸ்லாப் அடித்தளம் மலிவாகவும் வேகமாகவும் அமைந்தது. அதன்பின் புது வீடுகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனால் 1910களிலும் 1920களிலும் கட்டிய மரவீடுகள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இன்றும் ஏராளமாக நிற்கின்றன. மக்கள் அவற்றை ஆசையோடு வாங்கவும் செய்கிறார்கள்.

டாலஸ் பக்கத்தில் அந்தக் காலக் குறுந்தூண்கள் பல, கான்கிரீட்டே அல்ல. போடார்க் என்று உள்ளூரார் சொல்லும் ஒரு மரத்தின் துண்டுகள். நம் பலாமரம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்; மரம் மஞ்சளாக, இரும்புபோல் கடினமாக இருக்கும். மண்ணில் புதைத்தாலும் கறையான் எளிதில் தொடாது, பல பத்தாண்டுகள் மக்காது. நூறு ஆண்டு தாங்கிய துண்டுகளும் உண்டு. எந்த மரத்துக்கும் ஒரு முடிவு உண்டு என்பதால், இன்று சீர்செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் எடுத்துவிட்டுக் கான்கிரீட் வைக்கிறார்கள்.

அங்கேயும் கரிசல்

டாலஸுக்கு வடக்கே தொடங்கித் தெற்கே சான் அன்டோனியோவரை ஒரு நீண்ட பட்டையாகக் கறுப்பு மண் ஓடுகிறது. கோவில்பட்டியிலோ விருதுநகரிலோ பிறந்த ஒருவரை அங்கே இறக்கிவிட்டால், மண்ணைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார். மண்ணியல் வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே இனம். பருத்தி விளைந்த பூமி என்பதிலும் ஒற்றுமை. மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் கையை விடும் அளவுக்குப் பிளக்கும் அதே கரிசல். இந்தப் பட்டையின் பெயர்பெற்ற மண்வகைக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்று பெயர். அது மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கரில் பரவிக் கிடக்கிறது. அதன் எடையில் பாதியளவுக்குக் களிமண்.

அந்தக் களிமண்ணில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது. அதன் துகள்கள் மணலைப்போல் உருண்டையானவை அல்ல, தட்டையான தகடுகள். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க வேண்டுமானால் பத்து லட்சம் தகடுகள் தேவைப்படும், அவ்வளவு மெல்லியவை. வெற்றிலைக் கவுளியில் தண்ணீர் தெளித்தால் இலைக்கும் இலைக்கும் நடுவே ஈரம் புகுந்து நிற்கிறதே, அதுபோலத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுகிறது. ஆனால் வெற்றிலைக் கட்டு பெருப்பதில்லை, களிமண் பெருக்கிறது. புகுந்த தண்ணீர் தகடுகளைத் தள்ளி விலக்கும். காய்ந்தால் தகடுகள் மறுபடி நெருங்கும். இந்த வகைக் களிமண் ஒரு கிராமை எடுத்து எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்பினால் எழுநூறு சதுர மீட்டர்வரை வரும். தண்ணீர் ஒட்டிக்கொள்ள அத்தனை பரப்பு.

இப்படி ஈரத்தில் பெருத்து வறட்சியில் சுருங்கும் மண்ணை உப்பும் மண் என்று சொல்லலாம். 1973இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரு பொறியாளர்கள் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். உப்பும் மண்ணால் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஆண்டுதோறும் ஏற்படும் சேதம் சுமார் 230 கோடி டாலர் என்று வந்தது. வெள்ளம், புயல், சூறாவளி, நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து சராசரியாக ஓராண்டில் தரும் இழப்பைவிட அது அதிகம். இந்தச் சேதத்தில் யாரும் சாவதில்லை, செய்தியும் வராது. வீட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்.

கனமான வீடா, இலேசான வீடா?

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். இது நாமாகக் கற்பனை செய்துகொள்ளும் வீடு. அளவுகள் மட்டும் டாலஸின் பழைய மரவீடுகளுக்குப் பொருந்துபவை. நீளம் 40 அடி, அகலம் 30 அடி, பரப்பு 1,200 சதுர அடி. நீளவாக்கில் ஏழரை அடிக்கு ஒன்றாக ஐந்து உத்தரங்கள். ஒவ்வோர் உத்தரத்தின் அடியிலும் எட்டடிக்கு ஒன்றாக ஆறு குறுந்தூண்கள். மொத்தம் 30. அவற்றில் வீட்டின் விளிம்பில் நிற்பவை 18, உள்ளே நிற்பவை 12.

தரை தொய்ந்துவிட்டது என்றதும் நாம் முதலில் நினைப்பது, பாரம் தாங்காமல் தூண் மண்ணுக்குள் அமிழ்ந்துவிட்டது என்றுதான். சரிபார்ப்போம். உள்ளே நிற்கும் ஒரு குறுந்தூண், ஏழரைக்கு எட்டு என்று 60 சதுர அடித் தரையைச் சுமக்கிறது. ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து அமெரிக்க விதிப்படி சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ வைக்க வேண்டும். மரத்தின் சொந்த எடை 5 கிலோ என்று கொண்டால் மொத்தம் 23. அறுபது சதுர அடிக்கு 1,380 கிலோ. குறுந்தூணின் பாதம் இரண்டுக்கு இரண்டு அடி என்றால், நான்கு சதுர அடியில் அந்தப் பாரம் பரவுகிறது. சதுர அடிக்கு 345 கிலோ.

மண் எவ்வளவு தாங்கும்? சோதனை எதுவும் செய்யாமலே களிமண்ணுக்குச் சதுர அடிக்கு 1,500 பவுண்டுவரை ஏற்றலாம் என்கிறது அங்குள்ள கட்டட விதி. 680 கிலோ. நம் வீடு ஏற்றுவது அதில் பாதி. அதுவும் அறை முழுக்க ஆட்கள் நெருக்கி நின்றால்தான். ஆக, வீடு கனமாக இருப்பதால் அமிழவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டால் உண்மை தெரியும். ஈரம் குடித்த கரிசல் மேல்நோக்கி உந்தும் அழுத்தம் சதுர அடிக்கு ஒரு டன்னைத் தாண்டுவதுண்டு. வீடு கீழ்நோக்கி அழுத்துவதோ 345 கிலோ. மண் வீட்டைத் தூக்கிவிடும்! காய்ந்தால் இறக்கிவிடும். நான்கு மாடிக் கட்டடம் தன் எடையாலேயே மண்ணை அடக்கி வைத்துவிடக்கூடும்; ஒற்றைத்தள மரவீட்டுக்கு அந்த எடை கிடையாது. மரவீட்டின் தொல்லை அதன் இலேசில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், 'பாரம் தாங்கலை, பாதத்தைப் பெரிசாக்கு' என்று கிளம்புகிறவர் செலவழிக்கும் பணம் வீண்.

ஓரம் ஏறி இறங்கும், நடு நிற்கும்

எவ்வளவு தூக்கும்? மேலிருந்து ஆறடி ஆழத்துக்கு மண் கோடையில் இரண்டு விழுக்காடு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 அங்குலத்தில் இரண்டு விழுக்காடு, ஏறத்தாழ ஒன்றரை அங்குலம்.

வீடு முழுவதும் ஒன்றாக ஒன்றரை அங்குலம் இறங்கி ஒன்றாக ஏறினால் யாருக்கும் தெரியாது. அப்படி நடப்பதில்லை. வீட்டின் நடுவே உள்ள மண்மேல் வெயிலும் படாது, மழையும் படாது. அதன் ஈரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். விளிம்பில் இருக்கும் மண்தான் ஜூலை வெயிலில் காய்ந்து சுருங்கி, மழைக்காலத்தில் குடித்துப் பெருக்கிறது. எனவே கோடையில் ஓரங்கள் தொங்கி, நடுத்தரை மேடாக நிற்கும். நல்ல மழைக்குப் பிறகு ஓரங்கள் எழும்பி, நடுவில் பள்ளம் விழும். நம் ஊரில் மழைக்காலத்தில் கதவு இறுகுவது மரம் ஈரத்தில் பெருப்பதால். அங்கே ஆகஸ்டு வறட்சியில் கதவு இறுகினால், சட்டகமே கோணிவிட்டது என்று பொருள்.

விளிம்புக்கு அருகே பெரிய மரம் நின்றால் நிலைமை இன்னும் மோசம். வளர்ந்த ஓக் மரம் ஒன்று கோடையில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்குமேல் தண்ணீரை மண்ணிலிருந்து உறிஞ்சும். அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும். 2011இல் டெக்சாஸ் கண்ட வறட்சி, 1895இலிருந்து வைத்திருக்கும் பதிவுகளில் ஓராண்டு வறட்சிகளிலேயே மிகக் கடுமையானது. அதுவரை அசையாதிருந்த வீடுகளும் அந்த ஆண்டு அசைந்தன. பாசனக் குழாயை வீட்டைச் சுற்றிப் போட்டு, செடிக்கு ஊற்றுவதுபோல் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அங்கே உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அறிவுக்கு ஒத்த வேலை: ஓர மண்ணின் ஈரத்தை நடு மண்ணின் ஈரத்தோடு சமமாக வைத்திருக்கும் முயற்சி.

சாய்வு வேறு, வளைவு வேறு

டெக்சாஸ் பொறியாளர்கள் ஒரு வீட்டை அளக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். வீடு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அல்லது நடுவில் வளைந்திருக்கிறதா?

சாய்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை ஒரு விழுக்காடு. நம் வீட்டின் அகலம் 360 அங்குலம். அதில் ஒரு விழுக்காடு 3.6 அங்குலம். வளைவுக்கு எல்லை, நீளத்தில் 360இல் ஒரு பங்கு. அதாவது ஒரே ஓர் அங்குலம். ஒரு பக்கமாக மூன்று அங்குலம் சாய்ந்த வீட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இரு ஓரமும் ஒன்றரை அங்குலம் தொங்கி நடுவில் வளைந்த வீட்டைப் பொறுக்க முடியாது. சுவர் சேர்ந்தாற்போல் சாய்ந்தால் கிழியாது, வளைந்தால்தான் கிழியும்.

ஆகவே, விலை கேட்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியது ஒரு மட்டப் படம். வீடு முழுக்க முப்பது, நாற்பது இடங்களில் தரையின் உயரத்தை அளந்து, எந்த இடம் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று குறித்த தாள். நம் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவலின் நவீன வடிவம் ஒன்றால் அதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். உரிமம் பெற்ற தனிப் பொறியாளர் ஒருவரிடம் சில நூறு டாலர் முதல் ஆயிரம் டாலர்வரை கொடுத்து இதை வாங்கலாம். சீர்செய்கிற நிறுவனமே இலவசமாக அளந்து தரும் என்று இதை மிச்சம் பிடிப்பவர்கள் பலர். மருந்து விற்பவரிடமே நோயையும் கேட்பது அது. என்னைக் கேட்டால், இந்த வேலை முழுவதிலும் தயங்காமல் செலவழிக்க வேண்டிய பணம் இதுதான்.

மூன்று விலைச்சீட்டுகள்

இப்போது நம் வீட்டுக்கு மூன்று பேர் வருகிறார்கள். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அது எதற்காக என்பதை.

முதலாமவர் 3,000 டாலர் சொல்கிறார். நான்கு ஆட்கள் தவழ்வெளிக்குள் போய், இறங்கிய இடங்களில் உத்தரத்தை ஜாக்கியால் சற்றே தூக்கி, குறுந்தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரும்புத் தகடுகளைச் செருகிவிட்டு வருவார்கள். நம் ஊர்த் தொழிலாளர்கள் 'பேக்கிங் கொடுப்பது' என்பார்களே, அதுதான். இரண்டு நாள் வேலை.

இரண்டாமவர் அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வடக்கு விளிம்பு உத்தரத்தில் திருப்புளியைக் குத்தினால் பிடி வரை இறங்குகிறது, மரம் மக்கிவிட்டது. அதன் கீழுள்ள ஆறு குறுந்தூண்களும் சாய்ந்திருக்கின்றன. குளியலறைக் குழாய் கசிந்து அங்கே இரண்டு தூண்களின் அடிமண் சேறாகக் கிடக்கிறது. எட்டுக் குறுந்தூண்களை மாற்ற ஒன்றுக்கு 400 என்று 3,200. நாற்பதடி உத்தரத்தை மாற்ற அடிக்கு 80 என்று 3,200. பிறகு வீடு முழுக்க மட்டம் பிடிக்க 3,000. மொத்தம் 9,400.

மூன்றாமவர், "இந்த மண்மேல் ஆழமில்லாத பாதம் வைத்தால் என்றைக்கும் இதே கதைதான்" என்கிறார். சரியான பேச்சு. மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறுவது மேலே உள்ள சில அடிகளில்தான். அதைத் தாண்டிய ஆழத்தில் மண் அசைவதில்லை. இந்தியாவின் கரிசல் நிலங்களுக்கு அந்த ஆழம் சுமார் மூன்றரை மீட்டர் என்று கொண்டு, அடிப்பாகம் குமிழாக விரிந்த பைல்களை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. அதே தத்துவம்தான் இங்கேயும். விளிம்பில் 18 இடங்களில் ஆழத் தூண், ஒன்று 1,000 வீதம் 18,000. உள்ளே 12 குறுந்தூண்கள், 4,800. மட்டம் பிடிக்க 3,000. மொத்தம் 25,800.

3,000, 9,400, 25,800. யார் சரி?

மரம் உறுதியாக இருந்து, அசைவு பருவத்தோடு வந்து போவதாக மட்டும் இருந்தால் முதலாமவர் சரி. குறுந்தூண் வீட்டின் பெரிய வரமே அதுதான். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை தகட்டைக் கூட்டிக் குறைத்து வாழ்ந்துவிடலாம். ஆனால் நம் வீட்டில் ஓர் உத்தரம் மக்கியிருக்கிறது. மக்கிய மரத்தின் கீழ் தகடு செருகினால் தகடு மரத்துக்குள் புதையும். அங்கே முதலாமவரின் 3,000 ஓராண்டு தாங்காது.

மூன்றாமவரின் வேலையில் பலர் கவனிக்காத இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, எவ்வளவு ஆழத்துக்குத் தூண் இறக்கினாலும் மேலே இருக்கும் உத்தரம் ஈரத்தில் மக்குவது நிற்காது. அவர் சீட்டில் உத்தரத்துக்கு ஒரு டாலரும் இல்லை. இரண்டு, விளிம்பை அசையாத ஆழத்தில் கட்டிவிட்டு உள்ளே 12 தூண்களைப் பழையபடி மேல்மண்ணிலேயே வைத்தால், குளியலறைக் கசிவு போன்ற ஏதோ ஒன்றால் நடு எழும்பும்போது ஓரம் கூட வராது. வளைவு புதிதாகப் பிறக்கும். அதிக விலை என்பதால் அது முழு மருந்து ஆகிவிடாது.

நம் வீட்டுக்கு இரண்டாமவர் நெருங்கி வந்திருக்கிறார். அவரும் ஒன்றை விட்டுவிட்டார். அதற்கு வருவோம்.

ஒன்றரை அடியில் ஒரு வேலைநாள்

அதற்கு முன், விலையில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று சொல்லியாக வேண்டும். கான்கிரீட் கட்டைகளும் இரும்புத் தகடுகளும் பெரிய விலை அல்ல. பணம் போவது உடலுழைப்புக்கு. சாதாரண மரம் பயன்படுத்தினால் சட்டத்தின் அடிக்கும் மண்ணுக்கும் 18 அங்குலம், உத்தரத்தின் அடிக்கும் மண்ணுக்கும் 12 அங்குலம் இடைவெளி வேண்டும் என்பது இன்றைய விதி. பழைய வீடுகளில் அதுவும் இருக்காது. பன்னிரண்டு அங்குல இடுக்கில் மல்லாந்து ஊர்ந்து, ஜாக்கியையும் கான்கிரீட் கட்டையையும் இழுத்துக்கொண்டு போய், மூன்றடிக் குழி தோண்டி, மண்ணை வாளியில் வெளியே அனுப்ப வேண்டும். டாலஸின் ஆகஸ்டு மாதத்தில். சிலந்திகளும் பாம்பும் இருக்கலாம் என்ற நினைப்போடு. இடைவெளி பத்து அங்குலமாகக் குறைந்தால் அதே தூணின் விலை இரண்டு மடங்காவதும் உண்டு. அது நியாயமான விலை. தரைப் பலகையைப் பெயர்த்து மேலிருந்து இறங்குவதே மலிவு என்ற நிலையும் வரும்.

தூக்குவதும் அவசர வேலை அல்ல. தொண்ணூறு ஆண்டு வளைந்து கிடந்த மரம் அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொண்டிருக்கும். நல்ல குழுவினர் ஒரு ஜாக்கியைச் சிறிதளவு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்; மேலே ஒருவர் மட்டம் பார்த்துக் குரல் கொடுப்பார். ஒரே மூச்சில் தூக்கினால் சுவர்ப் பூச்சு பிளக்கும், சாளரக் கண்ணாடி உடையும். பழைய வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்களின் இணைப்பு விட்டுப்போகவும் கூடும். எனவே தூக்கிய பிறகு குழாய்களில் கசிவுச் சோதனை செய்யச் சொல்வார்கள். அது சீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

ஓர் ஊரையே தூக்கியபோது

இவ்வளவு தொல்லை இருந்தும் குறுந்தூண் வீட்டில் ஓர் அருமையான குணம் உண்டு: அதைத் தூக்க முடியும். டெக்சாஸ்காரர்கள் இதை ஒருமுறை நம்ப முடியாத அளவில் செய்து காட்டினார்கள். 1900 செப்டம்பரில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரைப் புயல் அழித்தது. குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் கடற்சுவர் எழுப்பியதோடு நிற்கவில்லை. 1903க்குப் பின் வந்த ஆண்டுகளில் நகரத்தின் தரைமட்டத்தையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, அடியில் மணலும் கடல்நீரும் கலந்த குழம்பைப் பாய்ச்சி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயத்தைச் சுமார் 700 ஜாக்கிகளால் ஐந்தடி உயர்த்தினார்கள். மணல் நிரப்பும் செலவு அரசினுடையது. வீட்டைத் தூக்கும் செலவு அவரவருடையது.

அன்று அந்த மக்கள் செய்ததும் இன்று டாலஸில் ஒரு தவழ்வெளிக்குள் நடப்பதும் ஒரே வேலைதான்.

கூரைத் தண்ணீரின் கணக்கு

இரண்டாமவர் விட்டது தண்ணீரை. உத்தரம் மக்கியது ஏன் என்று அவர் கேட்கவில்லை. மரத்தின் ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதைத் தின்னும் பூஞ்சைகளால் வளர முடியாது. வடக்குச் சுவரில் வெயில் படாது. யாரோ அங்கே பூச்செடிக்காக மண்ணைக் குவித்து, தவழ்வெளியின் காற்றுத் துளைகளை மூடிவிட்டார்கள். 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி துளை என்பது விதி. நம் வீட்டுக்கு எட்டுச் சதுர அடி திறந்திருக்க வேண்டும்.

இனி கூரை. 1,200 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் வழிவது சுமார் 2,800 லிட்டர். டாலஸில் ஆண்டுக்குச் சுமார் 37 அங்குல மழை. ஒரு லட்சம் லிட்டருக்குமேல்! கூரை ஓரத்தில் பீலி மாட்டவில்லை என்றால், அத்தனை தண்ணீரும் விளிம்புக் குறுந்தூண்களின் காலடியில்தான் கொட்டும். எந்த மண் ஏறி இறங்கக் கூடாதோ அதே மண்ணில். சுவரை ஒட்டிய முதல் பத்தடிக்குள் தரை ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்று விதி சொல்வதும் இதற்காகவே.

வீட்டைச் சுற்றி 140 அடிக்குப் பீலி மாட்டி, தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, பூச்செடி மண்ணை விலக்கி, சரிவைத் திருத்தக் கணக்குக்கு 3,500 டாலர் வைப்போம். குளியலறைக் கசிவை அடைப்பது தனி. இரண்டாமவரின் 9,400ஓடு சேர்த்தால் 12,900. மூன்றாமவர் கேட்டதில் சரிபாதி. அவர் சீட்டிலும் இந்தத் தண்ணீர் வேலை கிடையாது.

வீட்டுக் காப்பீடு இதைப் பெரும்பாலும் ஏற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண் அசைவதாலும் நாள்பட்ட மக்கலாலும் வரும் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன.

எதை முதலில்?

மக்கிய உத்தரம் காத்திருக்காது. அதையும் அதன் ஆறு தூண்களையும் உடனே மாற்ற வேண்டும். கசிவையும் உடனே. பீலியும் சரிவும் அந்த மாதமே. ஆனால் வீடு முழுக்க மட்டம் பிடிக்கும் 3,000 டாலர் வேலையைத் தள்ளிப்போடலாம். தண்ணீரை ஒழுங்குபடுத்தியதும் ஓர மண் தன் புதிய நிலைக்கு வர ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆகும். அதற்குள் தகடு செருகினால், நகர்ந்துகொண்டிருக்கும் மண்ணுக்கு மட்டம் பிடித்ததாக ஆகும்.

பிப்ரவரியில் ஒரு மட்டப் படம், ஆகஸ்டில் ஒரு மட்டப் படம். இரண்டையும் அருகருகே வைத்தால், எந்தத் தூண் பருவத்தோடு ஏறி இறங்குகிறது, எது ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று பிரிந்து தெரியும். ஏறி இறங்குபவற்றின் நடு அளவுக்குத் தகடு வைத்தால் போதும். ஒரே திசையில் போகிறவை இரண்டோ மூன்றோ இருந்தால், மூன்றாமவரைக் கூப்பிட்டு அந்த இடங்களுக்கு மட்டும் ஆழத் தூண் விலை கேட்கலாம். பதினெட்டுக்கு அல்ல.